ழானோவின் கத்தி

எதிர் வீட்டு நண்பர், ஓய்வு பெற்ற இன்ஜினீயர், போன வாரம் ஒரு மடக்குக் கருவியை நீட்டிச் சொன்னார்: "பதினைந்து கருவி, நானூறு ரூபாய்தான். நீங்கள் இன்னும் அந்தப் பழைய பேனாக்கத்தியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே, சார்!" அப்போது சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது. எனவே இந்தப் பதிவு.

அந்தப் பழைய கத்தி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த என் மாமா 1974-இல் லீவில் புதுச்சேரி வந்தபோது கொடுத்தது. ஒரு அலகு, ஒரு கார்க் திருகி, டப்பா திறக்க ஒரு கொக்கி. அவ்வளவுதான். கொம்புக் கைப்பிடி விரிசல் விட்டது. தெருக்கோடி ஆசாரி ஈட்டி மரத்தில் வேறு போட்டார். அலகு ஆடத் தொடங்கியது. பட்டறைக்காரர் பித்தளை ஆணியை அராவி எடுத்துவிட்டுப் புது ஆணி அடித்தார். இன்றும் மாம்பழம் நறுக்குகிறது.

பள்ளியில் 'ழானோவின் கத்தி' என்று ஒரு பிரெஞ்சு வழக்கு படித்தோம். ஒருமுறை அலகை மாற்றுகிறான், மறுமுறை பிடியை மாற்றுகிறான், ஆனாலும் அதே கத்தி என்கிறான். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கேலியாகச் சொல்வார்கள். நான் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பொருள் நீடித்து உழைப்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

பேரனுக்கு நானும் ஒரு மலிவான பத்துக் கருவிக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். ஒரு மழைக்காலம், கொஞ்சம் கடல் காற்று, மூட்டு இறுகிவிட்டது. ஒரு திருப்புளி முறுக்கிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. எல்லாம் ஒரே ஆணியில் கோத்து அமுக்கியது. பிரித்தால் திரும்பச் சேராது. கெட்டது ஒன்று, குப்பைக்குப் போனது பத்து. கருவி கூடக் கூட, கெட்டுப்போகும் இடமும் கூடுகிறது.

"ஸ்டெயின்லெஸ் ஆயிற்றே?" என்பார் நண்பர். விக்டோரினாக்ஸ் என்ற பெயரின் பின்பாதி, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸிதாப்ள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். ஆனால் அந்த எஃகைக் காப்பது குரோமியத்தால் உண்டாகும் மெல்லிய படலம்தான். உப்பு அதை அரிக்கும். அதுவும் ஈரமும் அழுக்கும் தங்கும் மூட்டு இடுக்கில்தான் முதலில் அரிக்கும். வெந்நீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட எத்தனை பேருக்குப் பொறுமை?

"கியாரண்டி இருக்கிறதே?" என்பார் அடுத்து. உண்மைதான். லெதர்மேன் 25 வருஷம் தருகிறது. விக்டோரினாக்ஸ் ஆயுள் முழுவதும் என்கிறது. அவை நல்ல சாமான்கள். அந்த நானூறு ரூபாய்ச் சரக்கோடு சேர்த்துப் பேசக்கூடாது. ஆனால் கியாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குத்தான். தேய்மானத்துக்கும் நம் முரட்டுத்தனத்துக்கும் அல்ல. ஆயுள் முழுக்க கோப்பு எழுதிய குமாஸ்தா சொல்கிறேன்: காகிதத்தின் கடைசிப் பத்தியையும் படியுங்கள். பழையதை வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தால் நிலைத்தது கம்பெனியின் பெயர். உங்கள் கத்தி அல்ல.

ஆகவே வாங்கும்போது கருவிகளை எண்ணாதீர்கள். திருகாணி போட்டிருக்கிறதா, பிரிக்க முடியுமா, ஒரு பாகம் மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

என் கட்சியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நண்பர் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆசாரி காலமாகிவிட்டார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அடுத்த முறை ஆணி தேய்ந்தால் யாரிடம் போவேன்? நானூறு ரூபாய்க்குப் புதியது கிடைக்கும்போது ஐந்து ரூபாய் ஆணிக்கு யார் பட்டறை வைப்பார்கள்? அந்தப் பட்டறையை மூடியதில் பேரனுக்கு அதை வாங்கிக் கொடுத்த எனக்கும் பங்கு உண்டு.

உங்கள் ஊரில் இன்னும் ஆணி மாற்றித் தருபவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். கத்தியோடு வருகிறேன்.