படுக்கைக்குக் காப்பீடு, பரிசோதனைக்கு?

மூன்று ஆண்டுகளுக்கு முன், உறவினர் இல்லத் திருமண விருந்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய இரவில், என் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி தோன்றியது. மெல்ல முதுகுக்குப் பரவி வலது தோள்பட்டை வரை ஏறியது. இரண்டு மணி நேரம் துடிக்க வைத்துவிட்டுத் தானாகவே அடங்கியது. 'வாயுப் பிடிப்புதான்' என்று வீட்டில் முடிவு செய்தோம். மறுநாள் மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஒன்பது மாதங்களில் அதே வலி ஐந்தாறு முறை வந்து போனது. கடைசி முறை குளிர்காய்ச்சலையும் அழைத்து வந்தது. கண்கள் மஞ்சளாயின, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் பிரிந்தது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று பித்தநாளத்தை அடைத்திருந்தது. எண்டோஸ்கோப்பி மூலம் கல்லை அகற்றி, கிருமித்தொற்று அடங்கிய பிறகு பித்தப்பையையும் நீக்கினார்கள். இரண்டு மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை பதினொரு நாள் மருத்துவமனை வாசமாயிற்று. செலவும் ஏறத்தாழ மூன்று மடங்கானது.

அதே ஆண்டில் என் தங்கைக்கு நேர்ந்தது வேறு. 'முழு உடல் பரிசோதனை' என்ற சலுகைத் தொகுப்பில் எடுத்த ஸ்கேனில் அவருக்கும் பித்தப்பைக் கல் இருப்பது தெரிந்தது. வலி எதுவும் இருந்ததில்லை. ஆனாலும், 'விட்டால் புற்றுநோயாகிவிடும்' என்று சொல்லி, ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேறொரு மூத்த அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டியபோது, அவர் அறிக்கையை நிதானமாகப் படித்துவிட்டு, 'வலி வந்தால் வாருங்கள்' என்று அனுப்பிவைத்தார். இன்றுவரை தங்கைக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

ஒரே குடும்பம், ஒரே உறுப்பு. ஆனால், நேர் எதிரான இரண்டு பிழைகள். எனக்கு உரிய காலத்தில் நோய் கண்டறியப்படவில்லை. அவருக்குக் கண்டறியப்பட்ட பின் உரிய ஆலோசனை கிடைக்காமல் போகவிருந்தது. நமது மருத்துவப் பொருளாதாரத்தின் கோளாறு முழுவதையும் இந்தச் சிறு பையில் காணலாம்.

கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் செறிவாக்கிச் சேமித்து, கொழுப்புள்ள உணவு குடலுக்கு வரும்போது சுருங்கி வெளியேற்றுவது அதன் பணி. பித்தநீரில் கொழுப்பும் நிறமிகளும் அளவு மீறும்போது கற்கள் உருவாகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். வயது, உடல் பருமன், மகப்பேறு, சர்க்கரை நோய், இரத்தச் சிவப்பணுக்கள் விரைந்து சிதையும் நோய்கள் ஆகியவை பிற காரணங்கள்.

அறிகுறிகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ தோன்றி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும் வலி, குறிப்பாக எண்ணெய்ப் பண்டங்கள் உண்ட பிறகும் இரவிலும் வருவது, குமட்டல், வாந்தி. இவை மீண்டும் மீண்டும் வந்தால் ஒரு முறையேனும் வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை. வலி ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சல், நடுக்கம், மஞ்சள் காமாலை, வெளிறிய மலம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தொற்று முற்றிய நிலையிலும் வலி குறைவாகவே தெரியலாம். மாரடைப்பும் சிலருக்கு மேல் வயிற்று வலியாகவே தொடங்கும் என்பதால், 'வாயு' என்று நாமே தீர்ப்பெழுதிக்கொள்வது இரட்டை ஆபத்து.

மறுபுறம், கல் இருப்பதே நோயாகிவிடாது. பித்தப்பைக் கல் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு அறிகுறிகள் இருப்பதில்லை. அத்தகையோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வருக்கே வலி தொடங்குகிறது. மிகப் பெரிய கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்புப் படிவு, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய தசைத்திரள் போன்ற சில நிலைகளில் மட்டும் வலி இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. பித்தப்பைப் புற்றுநோய் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால், கங்கைச் சமவெளியிலும் அஸ்ஸாமிலும் அது மிகுதி; தென்னிந்தியாவில் குறைவு. உத்தர பிரதேசத்திலும் பிகாரிலும் பொருளுள்ள அச்சத்தை இங்கே அதே அளவில் விற்பது முறையாகாது.

எலுமிச்சைச் சாற்றையும் ஆலிவ் எண்ணெயையும் கலந்து குடித்துக் கல்லை வெளியேற்றலாம் என்ற காணொலிகளும் உலவுகின்றன. அப்போது மலத்தில் வருபவை பெரும்பாலும் குடித்த எண்ணெய் குடலில் உறைந்த சவர்க்காரக் கட்டிகளே. வலி உள்ளவருக்கு அந்த எண்ணெய் அடுத்த தாக்குதலைத் தூண்டிவிடவும் கூடும்.

இப்போது இதைப் பேசுவதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. 2025 மார்ச் மாதத்தில் டிர்செபடைடு, ஜூன் மாதத்தில் உடல் எடைக் குறைப்புக்கான செமாகுளூட்டைடு ஆகிய ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் மலிவு விலைப் பதிப்புகளுக்கும் வழி திறக்கிறது. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் இவை பயனுள்ள மருந்துகளே. ஆயினும், உடல் எடை விரைந்து குறையும்போது பித்தப்பையில் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. இம்மருந்துகளின் குறிப்பேட்டிலேயே பித்தப்பை பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. விலை குறைந்து பயன்பாடு பரவும்போது, வலியின் பொருளை அறியாதவர்களின் எண்ணிக்கையும் பெருகும்.

பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, மருத்துவம் ஏன் மற்றச் சந்தைகளைப் போன்றதன்று என்பதை விளக்கியது. இங்கே வாங்குபவருக்குத் தமக்கு என்ன தேவை என்பதே தெரியாது. விற்பவரே தேவையையும் சொல்கிறார். அந்த இடைவெளியில் நம்பிக்கை இருந்தால் மருத்துவம், இல்லையேல் வணிகம். தேவையற்ற கருப்பை நீக்க அறுவை சிகிச்சைகள் தொடர்பான வழக்கில், அவற்றைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023-இல் உத்தரவிட நேர்ந்ததை நாம் மறந்துவிடலாகாது.

அறுவை சிகிச்சையில் நமக்குத் தொழில்நுட்பப் பஞ்சம் இல்லை. லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா 1990-இல் செய்து இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் அது வழக்கமான சிகிச்சை. பணத்துக்கும் ஓரளவு ஏற்பாடு உண்டு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. தமிழகத்தில் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டுள்ளது. இவை பாராட்டத்தக்கவை.

ஆனால், இவை எல்லாம் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையை நோக்கியே அமைந்துள்ளன. எங்கள் வீட்டில் பணிபுரியும் அம்மையாரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அவருக்கு இதே வலி வந்தபோது, தெருமுனை மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தனியார் மையத்தில் எடுக்க அவருடைய ஒரு வார ஊதியம் வேண்டும். அரசு மருத்துவமனையில் எடுக்க, வரிசையில் நின்று வேலைநாளை இழக்க வேண்டும். அந்தச் சீட்டு இரண்டு மாதங்கள் அவர் வீட்டுச் சுவர்க் காலண்டரின் பின்னால் செருகியபடியே இருந்தது. ஐந்து லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்புப் பெற்றவர் ஓராயிரம் ரூபாய்க்காக வலியோடு காத்திருந்தார். தற்செயலாகச் சொன்னதால் எங்களுக்குத் தெரிந்தது.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்துள்ளது. இது முன்னேற்றமே. எஞ்சியிருக்கும் சுமையின் பெரும்பகுதி மருந்துக்கும் வெளிநோயாளி மருத்துவத்துக்கும் பரிசோதனைக்கும் போகிறது. அங்கேதான் காப்பீடு இல்லை.

தொடக்கத்தில் நான் முழு உண்மையையும் சொல்லவில்லை. ஒன்பது மாதங்கள் நான் ஸ்கேன் எடுக்காததற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. பணி ஓய்வுக்குப் பிறகு நான் எடுத்த காப்பீட்டில் பித்தப்பைக் கற்களுக்கு இரண்டாண்டுக் காத்திருப்புக் காலம் இருந்தது. அது முடிய இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. 'இப்போது ஸ்கேன் எடுத்தால் பதிவாகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றார் விவரமறிந்த ஒரு நண்பர். ஊக்கத்தொகைகள் மனிதர்களை எப்படி நடத்துகின்றன என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்த நான் அந்த அறிவுரைக்குத் தலையசைத்தேன். காலம் முடிந்த பிறகும், பழகிப்போன வலி என்று மூன்று மாதம் தள்ளினேன். முடிவில் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது பாதித் தொகையை. மறுபாதி என் சேமிப்பிலிருந்து போனது. நிறுவனமும் நானும் சேர்ந்தே நட்டப்பட்டோம்.

நோயை வைத்துக்கொண்டு காப்பீடு எடுப்பவர்களைத் தடுக்கவே காத்திருப்புக் காலம் வந்தது. அதன் நியாயம் எனக்குப் புரியாததன்று. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது. எனினும், அறிந்துகொள்வதற்குத் தண்டனையும் அறியாதிருப்பதற்குப் பரிசும் தரும் ஏற்பாடு, தான் தடுக்க நினைத்த செலவையே பெருக்கிவிடுகிறது.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, வயிற்று ஸ்கேன் போன்ற அடிப்படைப் பரிசோதனைகள் சிலவற்றை, அனுமதிக்கப்படாத வெளிநோயாளிக்கும் அரசுக் காப்பீட்டு அட்டையில் வழங்க வேண்டும். ஸ்கேன் கருவிகள் 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறிதல் தடைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பெண் சிசுக்களைக் காக்கும் அந்தக் கட்டுப்பாடு தளரலாகாது. ஆனால், அதற்கு உட்பட்டே, பயிற்சி பெற்ற மருத்துவரோடு குறிப்பிட்ட நாள்களில் வட்டார அளவிலும் ஸ்கேன் வசதி கிடைக்கச் செய்ய முடியும். மாலை நேரத்தில் கிடைத்தால் தினக்கூலியும் மிஞ்சும்.

இரண்டாவதாக, காத்திருப்புக் காலத்தில் செய்த பரிசோதனை எதிர்கால உரிமையைப் பறிக்காது என்பதைக் காப்பீட்டு ஆவணம் முதல் பக்கத்திலேயே எளிய தமிழில் சொல்ல வேண்டும். பித்தநாள அடைப்பு போன்ற அவசரச் சிக்கல்களுக்கு அக்காலத்திலும் ஒரு பகுதித் தொகையாவது வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, அறிகுறியே இல்லாத ஒருவருக்குப் பித்தப்பையை நீக்கும்போது, அதற்கான மருத்துவக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்வதும், இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தெரிவிப்பதும் கட்டாயமாக வேண்டும்.

இப்போது நான் நலமாக இருக்கிறேன். பித்தப்பை இன்றியும் கல்லீரலிலிருந்து பித்தநீர் நேரே குடலுக்குச் சென்றுவிடுகிறது. முதல் சில வாரங்கள் எண்ணெய்ப் பண்டங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வழக்கமான உணவுக்குத் திரும்பிவிட்டேன். அந்த அம்மையாருக்கும் ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. காப்பீட்டு அட்டையிலேயே அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஒரு ரூபாயும் அவரிடம் வாங்கவில்லை. ஓராயிரம் ரூபாய் தடையாக இருந்தது தொடக்கத்தில் மட்டும்தான்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்தார் வள்ளுவர். நம் காலத்தில் ஐந்தாவதாகச் செலவை ஏற்பவரும் சேர்ந்துவிட்டார். அவர் நோய் முற்றிய பிறகு வாசலில் வந்து நிற்பதைவிட, முதல் வலியின்போதே வந்துவிடுவது எல்லாருக்கும் நல்லது, அவருக்கும்கூட!

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).