ஏரி நிறைந்திருக்கும்போதே

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. இது வறட்சிக்கும் பொருந்தும். வெள்ளம் ஓசையுடன் வரும். வறட்சியோ மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். அதனாலேயே பலர் அதனை எளிதாக எண்ணிவிடுகின்றனர். தண்ணீர்த் தட்டுப்பாட்டை எதிர்கொள்ளும் திட்டத்தை, ஏரிகள் நிறைந்திருக்கும்போதே ஒவ்வொரு நகரமும் வகுத்து மக்களுக்கு அறிவித்துவிட வேண்டும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. ஒரு வண்டி சுமந்து வந்தது 25 இலட்சம் லிட்டர். கேட்பதற்கு அது பெரிய அளவுதான். ஆனால், பெருநகரின் ஏறத்தாழ ஒரு கோடி மக்களுக்கும் பங்கிட்டால் ஆளுக்குக் கால் லிட்டரே கிடைக்கும். கடைசி நேர முயற்சி எவ்வளவு பெரிதாயினும் நகரின் தேவைக்கு முன் அது சிறிதே.

மும்பைக்கு ஏழு ஏரிகள் நீர் தருகின்றன. 2024 மே மாத இறுதியில் அவற்றின் இருப்பு பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே சென்றது. மாநகராட்சி முன்னதாகவே நாள் குறித்து அறிவித்து, வழங்கும் நீரில் முதலில் 5 விழுக்காடும், ஜூன் மாதத்தில் 10 விழுக்காடும் குறைத்தது. மழை பெய்து நீர் பெருகியதும் ஜூலை இறுதியில் குறைப்பு நீக்கப்பட்டது. அறிவித்துப் படிப்படியாகக் குறைத்தது பாராட்டத்தக்கது. எனினும், சில மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் சிறிய குறைப்பே போதுமானதாக இருந்திருக்கும்.

அனைவருக்கும் ஒரே அளவில் குறைப்பது நேர்மையாகத் தோன்றும். ஆனால், அடுக்குமாடி வீட்டாருக்கு நிலத்தடித் தொட்டி உண்டு. அவர்களால் லாரித் தண்ணீர் வாங்கவும் இயலும். பொதுக்குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும் குடும்பத்திற்கு அந்த வசதிகள் இல்லை. ஆகவே, அக்குடும்பத்தின் குடத்தில் கைவைக்காமல், தோட்டத்திற்கும் வண்டி கழுவுவதற்கும் செல்லும் நீரை முதலில் நிறுத்துவதே நல்ல திட்டம். 2024 மார்ச்சில் பெங்களூரு அதனைச் செய்தது. குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என அறிவித்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேட்டிற்கு ஏற்றிக் கொண்டுவரும் நகருக்கு, அவ்விதி வறண்ட ஆண்டில் மட்டுமன்றி எல்லா ஆண்டுகளிலும் தேவை.

“புதிய அணையும் நீண்ட குழாயும் போதாவா?” எனச் சிலர் கேட்பர். வளரும் நகருக்கு அவையும் வேண்டும். ஆயினும், மழை பொய்த்தால் தொலைவிலுள்ள அணையும் வறளும். அதே நீரை நம்பி உழவர்களும் வாழ்கின்றனர். கூரைமேல் விழும் மழைக்கு அத்தகைய போட்டி இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் வந்து 16 ஆண்டுகளுக்குப் பின்னும் சென்னை தவித்தது. எனவே, சேகரிப்புக் குழிகளை ஆண்டுதோறும் தூர்வாரிப் பேணுவதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

ஏரியின் இருப்பு எந்த அளவிற்குக் குறைந்தால் எந்தப் பயன்பாடு நிறுத்தப்படும், யாருக்கு முதலில் நீர் வழங்கப்படும் என்பவை முன்பே எழுதப்பட்டு எல்லார்க்கும் தெரிந்திருக்க வேண்டும். அரிசிப் பானையின் அடி தெரிந்த பின்னர் அளக்கத் தொடங்கும் வீடு இல்லை. மாதத்தின் முதல் நாளிலிருந்தே அளந்துதான் உலையிடுகின்றனர். வீடுகளில் நாள்தோறும் நடக்கும் இச்சிறு கணக்கை நகரங்களும் மேற்கொள்ள வேண்டும்.