'ப்ரீபோன்' தப்பா ஸார்?

ஆபீஸ் மீட்டிங்கில் ஓர் இளைஞர், 'ரிவ்யூவை திங்கட்கிழமைக்கு ப்ரீபோன் பண்ணலாமா?' என்கிறார். எதிரே ஒரு கான்வென்ட் ஆசாமி உதட்டோரமாகச் சிரிக்கிறார். அவ்வளவுதான். அடுத்த ஆறு மாசத்துக்கு நம்ம ஆள் வாயே திறக்கமாட்டார். வேலை தெரிந்தவர் அவர். பிரமோஷன் போவதோ பக்கத்து சீட்டுக்கு!

உண்மையில் 'ப்ரீபோன்' தப்பே இல்லை. 'போஸ்ட்போன்' லத்தீன் வழி வந்த வார்த்தை. 'போஸ்ட்' என்றால் பின்னால். 'போனரே' என்றால் வைப்பது. பின்னால் வைக்க ஒரு சொல் இருந்தால் முன்னால் வைக்க ஒன்று வேண்டாமா? 1913-லேயே ஒருத்தர் இதை யோசித்து, நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதி, 'ப்ரீபோன்' என்ற சொல்லைச் சிபாரிசு செய்தார். அங்கே எடுபடவில்லை. நம்ம ஊரில் ஓகோவென்று ஓடி, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம் பிடித்துவிட்டது. வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது மட்டும் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று போடுங்கள். சட்டென்று புரியும்.

'டூ த நீட்ஃபுல்'?

ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களே சர்வசாதாரணமாக எழுதியதுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். தாத்தா காலத்துக் கோட்டு மாதிரி... கிழிசல் இல்லை, ஃபேஷன்தான் போய்விட்டது. இதில் வேறொரு சங்கடம். நம்ம அரசாங்கக் கடிதத்து 'ஆவன செய்யவும்' போலவே, என்ன செய்யணும் என்பதை இது சொல்வதே இல்லை! 'வெள்ளிக்கிழமைக்குள் பில் அனுப்பவும்' என்று நேரடியாகக் கேட்டால் பில் வரும்.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' கூட பழைய சரக்குதான். வெள்ளைக்கார அதிகாரிகளும் பட்டாளத்தாரும் தங்கியிருந்த ஊருக்கு அந்தக் காலத்தில் 'ஸ்டேஷன்' என்று பெயர். இன்று அமெரிக்கரிடம் 'பாஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றால், 'எந்த ரயில்வே ஸ்டேஷன்?' என்பார். 'அவுட் ஆஃப் டவுன்' போதும்.

இதுவரை பார்த்ததெல்லாம் சாதுவான பிராணிகள். கடிக்கிற ஜாதி மூன்று இருக்கிறது. அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

முதலாவது, 'ரிவர்ட்'. நமக்கு அது பதில் சொல்வது. மற்றவர்களுக்குப் பழைய நிலைக்கே திரும்புவது. கம்ப்யூட்டர் ஆசாமிகளைக் கேளுங்கள், செய்த மாற்றத்தை ரத்து செய்வதுதான் 'ரிவர்ட்' என்பார்கள். புது ப்ரோக்ராம் பற்றிய மெயிலில் 'ஐ வில் ரிவர்ட் டுமாரோ' என்று எழுதினால், செய்ததையெல்லாம் நாளைக்கு அழித்துவிடப் போகிறீர்கள் என்று வெளிநாட்டு கஸ்டமர் பதறக்கூடும். 'ரிப்ளை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

இரண்டாவது, 'பாஸ்டு அவுட்'. இங்கிலாந்தில் ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு இது பொருந்தும். மற்றபடி மயக்கம் போட்டு விழுவது என்றே அர்த்தம். இன்டர்வியூவில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்றால், 'ஐயோ பாவம், எப்போ எழுந்தீர்கள்?' என்று கேட்கமாட்டார்கள், மனசுக்குள் நினைத்துக்கொள்வார்கள். 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவது, 'டவுட்'. தமிழில் புரியாததும் சந்தேகம், நம்பாததும் சந்தேகம். ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் நம்பாததற்குத்தான். மேனேஜர் பேசி முடித்ததும் 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால், 'நீ சொல்றதை நம்பலை' என்பது போல அவர் காதில் விழலாம். 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்றால் வம்பில்லை.

'டிஸ்கஸ் அபௌட்' மாதிரி சின்னப் பிழைகளும் உண்டு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது, 'அபௌட்' வேண்டாம். தெரிந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வாய் தவறி வந்துவிட்டால் குடி முழுகிவிடாது.

ஆகவே, பேசுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான்: நான் நினைத்தது கேட்பவருக்கு அப்படியே போய்ச் சேருமா? சேரும் என்றால் தைரியமாகப் பேசுங்கள். சிரிக்கிறவர் சிரிக்கட்டும். நம்ம கட்டுமரத்தை 'கேட்டமரான்' ஆக்கி, சுருட்டை 'செரூட்' ஆக்கி, மிளகுத் தண்ணீரை 'மல்லிகட்டானி' ஆக்கி டிக்‌ஷனரியில் போட்டுக்கொண்டார்கள் வெள்ளைக்காரர்கள். கூச்சப்பட்டார்களா என்ன?