கூட்டுவது என் வேலை

மதுரைப் பக்கம் பரவையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். முளைப்பாரி, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பாக்ஸ் இறக்குவேன். பாட்டில் சத்தம் அதிகம் என்று செட்டுக்காரனே சொன்னால் சிரிப்பீர்கள். சத்தத்தைக் கூட்டத்தான் ஆம்பிளிஃபயரோடு நான் இருக்கிறேனே, அதைப் பாட்டுக்குள்ளேயே ஏன் திணிக்கிறார்கள்?

எங்கள் ஊர்க்காரர் பரவை முனியம்மா. 2003-ல் ‘தூள்’ படத்தில் வித்யாசாகர் இசையில் பாடி, ஊர்ப் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனவர். 2020 மார்ச் 29-ல் மறைந்தார். அவரைப் போன்ற நாட்டுப்புறப் பாடகர்கள் கதை சொல்லும் இடத்தில் பேச்சளவுக்கு இறங்குவார்கள். அடுத்த வரியில் குரல் எகிறும். இறங்கினால்தானே எகிறலுக்கு மரியாதை?

இப்போது வருகிற கிராமியப் பாட்டு, சாமி பாட்டு ஆல்பங்கள் பலவற்றைப் போட்டால், மிக்ஸரில் விளக்கு எடுத்த எடுப்பிலேயே சிவப்புக்குப் போய்க் கடைசிவரை அங்கேயே நிற்கிறது. உறுமியில் ஓங்கி அடித்த அடியும் உரசிய உரசலும் ஒரே உயரம். டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபலுக்கு மேல் இடமே கிடையாது. அதனால் சத்தத்தைக் கூட்ட, மாஸ்டரிங்கில் கம்ப்ரஸர், லிமிட்டர் போட்டு உச்சியை அமுக்கி, மெதுவான இடங்களை மேலே தூக்கிவிடுகிறார்கள். 16 பிட் சி.டி. ஏறக்குறைய 96 டெசிபல் ஏற்ற இறக்கம் தாங்கும். நாமோ மொட்டைமாடியில் மட்டும் குடித்தனம் நடத்துகிறோம்.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். 2008-ல் மெட்டாலிகா வெளியிட்ட ‘டெத் மேக்னெட்டிக்’ சி.டி.யைவிட, ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் தெளிவாக இருந்தன. சி.டி.யைத் திரும்ப மிக்ஸ் செய்யச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்.

இத்தனை நசுக்கியும் லாபம் இல்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற சராசரிச் சத்தத்துக்குக் கொண்டுவருகிறது; யூடியூபும் மிஞ்சியதை இறக்குகிறது. மைனஸ் 7-ல் திணித்துக் கொடுத்தால் 7 டெசிபல் குறைத்துவிடுவார்கள். கூட்டின சத்தமும் போச்சு, அமுக்கின உச்சியும் திரும்பாது.

“பஸ்ஸில் கேட்கிறவனுக்கு மெதுவான இடம் காதில் விழ வேண்டாமாண்ணே?” என்றார் ஸ்டூடியோ தம்பி ஒருவர். நியாயம்தான். மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஹாரனுக்கு நடுவே யாருடைய முணுமுணுப்பு கேட்கும்? ஆனால் இரைச்சலான இடத்துக்கென்று ஸ்பாட்டிஃபையிலேயே தனி அமைப்பு இருக்கிறது. வேண்டியவர் அதைப் போட்டுக்கொள்ளட்டும். பஸ்ஸில் போகிறவருக்காக, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவரின் பாட்டையும் ஏன் அமுக்க வேண்டும்?

ஆல்பம் போடுகிற தம்பிகளே, எங்களுக்குத் தரும் ஃபைலிலாவது லிமிட்டரைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். சந்துக்கு எவ்வளவு, பொட்டலுக்கு எவ்வளவு என்று நான் பார்த்து வைத்துக்கொள்கிறேன். எப்படியும் ராத்திரி 10 மணிக்கு போலீஸ் வந்து அணைக்கச் சொல்லும்.