நாற்காலி யாருக்கு? ‘மாமன்னன்’ சர்ச்சையும் நம்ம மலையும்



2023 ஜூன் 29-ல் ‘மாமன்னன்’ தியேட்டருக்கு வந்தது. ஜூலை 27-ல் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்துவிட்டது. சண்டை மட்டும் அப்போதும் ஓயவில்லை.

விமர்சகர்களே இரண்டு மனசாகத்தான் எழுதுகிறார்கள். வடிவேலுவின் நடிப்பையும், எம்.எல்.ஏ. அப்பாவை மகன் உட்காரச் சொல்லும் அந்த இடைவேளைக் காட்சியையும் பாராட்டாதவர் குறைவு. அதே கையோடு, ‘இரண்டாம் பாதி வழக்கமான தேர்தல் படமாகிவிட்டது’, ‘கீர்த்தி சுரேஷ் பாத்திரத்துக்குப் பெரிய வேலையில்லை’ என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கு. நல்ல நோக்கத்தில் எடுத்த படம் என்பதற்காகக் குறையை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனா இன்னொரு குரலும் கேட்குது. ‘இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? எம்.எல்.ஏ.வைப் போய் நிக்க வைப்பாங்களா?’ இதுக்குத்தான் பதில் சொல்லியாகணும்.

ஊராட்சித் தலைவராக ஜெயித்ததற்காகவே மேலவளவு முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் தரையில், மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் போட்டோவை நாடே பார்த்தது. 2022 ஆகஸ்டில், சாதிப் பாகுபாடு இல்லாமல் ஊராட்சித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதி செய்யச் சொல்லி, தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். இல்லாத நோய்க்கு யாராவது மருந்துச் சீட்டு எழுதுவார்களா?

ஓடிடிக்கு வந்த பிறகு நடந்ததையும் பாருங்க. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலுவை வெட்டி ஒட்டி, அவங்கவங்க சாதிப் பாட்டைப் போட்டு ஷேர் பண்ணாங்க. வில்லனை அவ்வளவு கெத்தாகக் காட்டியது இயக்குநர் மாரி செல்வராஜின் தவறு என்கிறார்கள் சிலர். இருக்கலாம். ஆனால், பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்பவனை ‘நம்ம ஆளு’ என்று கொண்டாடும் புத்தி படத்தால் வந்ததில்லை. அது ஏற்கெனவே நம்ம ஊரில் இருந்தது. படம் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

கதை நடப்பதும் நம்ம சேலம் வட்டாரத்தில். காசிபுரம் என்ற தனித்தொகுதி. ஏற்காடும் தனித்தொகுதிதான். 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 2013 டிசம்பர் இடைத்தேர்தலுக்கு அமைச்சர்கள் வரிசை கட்டி மலையேறியது நினைவிருக்கும். ஓட்டு எண்ணி முடித்ததும் அந்த வரிசை எங்கே போனது? சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் ரோடு, பட்டா, ஆஸ்பத்திரி என்று மனு எழுதிக்கொண்டு வந்தால், உட்கார வைத்துப் பேசுகிறோமா, நிற்க வைத்தே அனுப்புகிறோமா? சட்டம் தொகுதியை ஒதுக்கும். நாற்காலியை மனுசங்கதான் நகர்த்திப் போடணும்.

ஒன்றை மறக்க வேண்டாம். படத்தில் மாமன்னனை நிற்க வைப்பது எதிர்க்கட்சி இல்லை, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். அதனால் இந்தக் கேள்வி நம்ம கட்சி ஆபீசுக்கும் சேர்த்துத்தான். மேடையில் முதல் வரிசை யாருக்கு? நன்றியுரை மட்டும் யாருக்கு? தோழர்கள் நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வர்ற ஆகஸ்ட் 15 அன்று கிராமசபை. மலையிலும் சரி, கீழ்நாட்டிலும் சரி, தோழர்கள் தவறாமல் போகணும். தலைவர் கொடியேற்றுகிறாரா, அவருக்கு நாற்காலி இருக்கா என்று பாருங்க. இல்லையென்றால் அங்கேயே கேளுங்க, நமக்கும் தெரியப்படுத்துங்க.

படத்துக்கு எத்தனை ஸ்டார் என்று விமர்சகர்கள் சொல்லட்டும். நம்ம ஊருக்கு எத்தனை மார்க் என்று அன்று தெரிந்துவிடும்.

#மாமன்னன் #ஏற்காடு #கிராமசபை #சமூகநீதி