புட்டித் தேனும் பூத்தேனும்

அயலார் தோட்டத்து மலரைப் புகழ்ந்துகொண்டே தன் வேலியில் பூத்ததை மிதித்துச் செல்பவனை அறிவுடையவன் என்று எவரும் கூறார். பறவைக் கல்வியில் மலாக்கா மாநிலத்துத் தமிழ் இல்லங்களும் பள்ளிகளும் இத்தவற்றுக்கு இடந்தரலாமா?

வேலியோரத்தில் தேனருந்தும் சிறு பறவையைக் கண்டதும், 'ஹம்மிங் பறவை' என்று பிள்ளைகள் கூவுகின்றனர். பெரியோரும் அதனைத் திருத்துவதில்லை. ரீங்காரச்சிட்டு எனத் தமிழில் வழங்கும் அப்பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. முந்நூற்றுக்கு மேற்பட்ட அதன் இனங்களுள் ஒன்றேனும் மலேசியாவில் இயற்கையாக வாழ்வதில்லை. இங்குள்ளது தேன்சிட்டு. ரீங்காரச்சிட்டு உழவாரனுக்கு உறவு. தேன்சிட்டோ சிட்டுக்குருவியின் பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. தேனுண்ணும் தொழில் ஒன்றானமையால் தோற்றம் ஒத்தது, பிறப்பு ஒத்ததன்று.

பெயரோடு பிழை நிற்கவில்லை. வட அமெரிக்காவில் வீட்டுப் புறத்தே தொங்கவிடும் சிவப்பு நிறச் சர்க்கரைநீர்ப் புட்டியை வாங்கி இங்கும் மாட்டுவோர் உளர். அங்கே அதற்குக் காரணமுண்டு. சியாட்டில், வான்கூவர் போன்ற நகரங்களில் அன்னா ரீங்காரச்சிட்டு குளிர்காலத்திலும் தங்கிவிடுகிறது. மலர்கள் அருகிய அந்நாளில், இரவில் தன் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் தாழ்த்தி உயிர் காக்கும் அச்சிற்றுயிருக்கு மக்கள் ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் கலந்து வைக்கின்றனர். அது உறையாமலும் காக்கின்றனர். அது பாராட்டுக்குரிய அறம். ஆயின், பனியே காணாத மலாக்காவில், ஆண்டு முழுதும் செம்பருத்தி பூக்கும் மண்ணில், புட்டி எதற்கு? இவ்வெப்பத்தில் சர்க்கரைநீர் ஓரிரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். கழுவ மறந்த புட்டி பறவைக்கு நோய் தரும். மேலும், தேன்சிட்டு தன் குஞ்சுகளைப் பூச்சியும் சிலந்தியும் ஊட்டியே வளர்க்கிறது. வேலிக்குப் பூச்சிமருந்து தெளித்துவிட்டுப் புட்டியில் சர்க்கரை ஊற்றுவது எவ்வகை அன்பு?

தென்னஞ்சோலைகளில் திரியும் பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டின் அறிவியற்பெயர் 'ஆந்த்ரெப்தெஸ் மலாசென்சிஸ்' என்பதாகும். 1786ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் ஸ்கோப்போலி சூட்டிய அப்பெயரில் மலாக்காவே நிற்கிறது. உலகப் பறவை நூல்கள் மலாக்காவின் பெயரால் அழைக்கும் பறவையை மலாக்காப் பிள்ளைகள் வேற்று நாட்டுப் பெயரால் அழைப்பது நாணத்தக்கதன்றோ?

"லயத்து வீடுகள் போயின, ரப்பர்க் காடுகள் செம்பனையாயின, தாமான் வீட்டுக்கு முற்றம் ஏது? புட்டியாவது பறவையை அருகழைக்குமே" என வாதிடுவோர் உளர். அவர்தம் வருத்தம் மெய். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய மாநிலம் இது. தோட்டத்து மக்கள் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தபோது வேலிச்செடிகளும் மறைந்தன. ஆயின் இழந்தது பூவேயன்றிப் புட்டியன்று. இட்லிப்பூ என வழங்கும் வெட்சியைத் தொட்டியில் வளர்க்க ஒரு முழ இடம் போதும். பூவைத் தேடிச் சிட்டு வரும். தாழ்வாரத்துக் கம்பியிலே பைபோன்ற கூட்டையும் தொங்கவிடக்கூடும். புட்டி பறவையை மட்டும் காட்டும். செடியோ பூவையும் பூச்சியையும் கூட்டையும் குஞ்சையும் சேர்த்துக் காட்டும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி நிரல்படுத்தினார். அதனை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவன் பள்ளி வேலியிலுள்ள வெட்சியை அறியானாயின், அக்கல்வி யாருக்குப் பயன்? காணாத பனிக்காலத்தைக் கட்டுரையில் வருணிப்பவனுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. கண்ட பறவையின் பெயரை அறியாதவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் குறைவதில்லை. கண்ணால் காணாது எழுதப் பழகிய கை, பின்னாளில் எதனையும் கேள்வியாலேயே எழுதும். மொழி வறள்வது அவ்வாறே.

எனவே, ஆசிரியப் பெருமக்கள் செய்யத்தக்கது எளிது. பள்ளி வேலியில் செம்பருத்தியும் வெட்சியும் நடுக. மருந்து தெளிப்பதைத் தவிர்க்க. வாரம் ஒருநாள் காலையில் மாணவரைக் கால்மணி நேரம் ஓசையின்றி நிறுத்துக. மஞ்சள் வயிறும் நீலம் மின்னும் கழுத்தும் உடையது ஆண், அம்மின்னல் இல்லாதது பெண் என அவர்கள் தாமே கண்டு தமிழில் எழுதட்டும். அவ்வேட்டுக்கும் மதிப்பெண் வழங்குக.