மூன்று அம்புக்குறிகளிடம் கேளுங்கள்!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எந்த சாஃப்ட்வேர் நல்லது? எந்த பிரிண்டர் வாங்கலாம்? "நான் டைப் செய்தது ஃபைலில் எப்படிப் போய் உட்காருகிறது?" என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். திண்டிவனத்தில் மணிலா வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், தனக்குச் சரக்கு தரும் விவசாயிகளின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் பில் போடும் சாஃப்ட்வேரிலிருந்து சிஎஸ்வி ஃபைலாக எடுத்தார். அதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து சேவ் செய்தார். பூஜ்யத்தில் தொடங்கிய கணக்கு எண்களில் அந்தப் பூஜ்யம் காணாமல் போயிருந்தது. 16 இலக்க எண்களில் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறியிருந்தது. பாஸ்புக் நகல்கள் கையில் இருந்ததால் பணம் அனுப்பும் முன் சரி செய்ய முடிந்தது.

இது வைரஸ் வேலை அல்ல. கணக்கு எண்ணை ஸ்ப்ரெட்ஷீட் கூட்டிக் கழிக்கும் எண்ணாக எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யத்துக்கு மதிப்பு இல்லை. 15 இலக்கத்துக்கு மேல் துல்லியமும் கிடையாது.

கம்ப்யூட்டரின் மெமரியில் உள்ள தகவலை ஃபைலில் எழுதக்கூடிய வரிசையாக மாற்றுவதை சீரியலைசேஷன் என்கிறார்கள். சரக்கை மூட்டை கட்டுவது போலத்தான். போய்ச் சேர்ந்த இடத்தில் மூட்டையைப் பிரித்தால் கட்டியது அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

அதற்கு பைத்தான் போதும். 1991-ல் கைடோ வான் ராஸம் வெளியிட்ட இந்த மொழி இலவசம். இன்ஸ்டால் செய்தால் ஐடில் என்ற புரோகிராமும் கூடவே வரும். அதைத் திறந்தால் மூன்று அம்புக்குறிகள் தெரியும். நீங்கள் ஒரு வரி டைப் செய்து என்டர் தட்டினால் உடனே பதில் வரும். தவறாக டைப் செய்தால் பிழை என்று சொல்லும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது.

முதலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் 'இம்போர்ட் ஜேசான்' என்று கொடுங்கள். ஜேசான் என்பது இன்று இன்டர்நெட்டில் தகவல் பரிமாறப் பரவலாகப் பயன்படும் ஃபார்மட். இதில் மூட்டை கட்ட 'டம்ப்ஸ்', பிரிக்க 'லோட்ஸ்'.

விழுப்புரத்தின் எஸ்டிடி கோடு 04146, திண்டிவனத்துக்கு 04147. லோட்ஸ் கட்டளைக்குள் ஒற்றை மேற்கோள் குறி போட்டு 04146 என்று கொடுத்துப் பாருங்கள். பிழை என்று வரும். எண்ணுக்கு முன்னால் வீண் பூஜ்யம் வரக்கூடாது என்பது ஜேசானின் விதி. அந்த ஒற்றைக் குறிக்கு உள்ளேயே இரட்டை மேற்கோள் குறியும் போட்டுக் கொடுங்கள். ஐந்து இலக்கமும் பத்திரமாகத் திரும்பி வரும். போன் நம்பர், கணக்கு எண் எல்லாம் எண்கள் அல்ல, எழுத்துகள் என்ற பாடம் இந்த ஒரு வரியில் கிடைத்துவிடுகிறது.

அடுத்து தமிழ். 'லென்' கட்டளைக்குள் விழுப்புரம் என்று கொடுங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. பதில் 11 என்று வரும். யூனிகோடில் 'வி' என்பது வகரமும் கொக்கியும் சேர்ந்து இரண்டு குறியீடுகள். திண்டிவனமும் 6 எழுத்துதான், ஆனால் 10 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால், ஃபைலில் இவை 33 பைட், 30 பைட். ஊர்ப்பெயருக்கு 20 பைட் இடம் மட்டும் ஒதுக்கிய சாஃப்ட்வேரில் இரண்டு பெயர்களும் பாதியில் வெட்டுப்படும்.

"கார் ஓட்டுபவர் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்ஜின் கெட்டால் சத்தம் வரும். தகவல் கெட்டால் சத்தமே வராது. பணம் வேறு கணக்குக்குப் போன பிறகுதான் தெரியும்.

தமிழர்களுக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒவ்வொரு விதமாகத் தமிழைச் சேமித்த காலம் ஒன்று இருந்தது. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியதும், 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்ததும் அந்தக் குழப்பம் தீரத்தான். அன்று டைப் செய்த பல ஃபைல்கள் இன்று அதே ஃபான்ட்டோ கன்வர்ட்டரோ இல்லாமல் படிக்க முடியாமல் கிடக்கின்றன.

ஆகவே, கடைக்கோ வீட்டுக்கோ சாஃப்ட்வேர் வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் தகவலை எந்த ஃபார்மட்டில் வெளியே எடுக்கலாம்? தமிழ் யூனிகோடில் இருக்குமா? பிறகு பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு நம்பரையும் தமிழில் ஒரு பெயரையும் உள்ளே போட்டு, வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் மாறாமல் திரும்பி வந்த பிறகு பணம் கொடுங்கள்.